இரவு நெடுஞ்சாலையில் விளக்குகள் ஒன்றாகத் திரண்டு வந்து திணறடிக்கும்போது என்ன செய்கிறீர்கள்?

#1 · காவிரிக்கரை

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வேலை திருச்சியில். அம்மா இருப்பது மதுரையில். மாதத்தில் மூன்று வெள்ளிக்கிழமைகளாவது அலுவலகம் முடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு விராலிமலை, துவரங்குறிச்சி, மேலூர் வழியாகச் செல்கிறேன். பத்தாண்டுகளாக ஓட்டிப் பழகிய சாலை. ஆனாலும் கடந்த ஒன்றரை ஆண்டாக, இருட்டிய பிறகு அந்தச் சாலையில் எனக்கு நேர்வதை எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. கண் கூசுகிறது என்று சொன்னால், “எல்லோருக்கும்தான் கூசுகிறது” என்று வீட்டில் பேச்சை முடித்துவிடுகிறார்கள்.

எதிரே ஒரு விளக்கு வந்தால் சமாளித்துவிடுவேன். மேலூரைத் தாண்டி ஒத்தக்கடையை நெருங்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. எதிர்த்திசை வாகனங்களின் வெள்ளை வெளிச்சம், சாலை நடுத்தடுப்பான மீடியனின் இடைவெளிகளில் மினுக்கும் சூரியசக்தி விளக்குகள், முன்னே செல்லும் பேருந்தின் முதுகில் ஓடும் பலவண்ண எல்இடி பட்டைகள், பெட்ரோல் பங்கின் விளம்பரப் பலகை, சர்வீஸ் சாலையில் எதிர்முகமாக வரும் இருசக்கர வாகனம், பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் எஸ்யூவி ஆகிய எல்லாமும் ஏதோ ஒரு கணத்தில் ஒரே திரையில் ஒட்டிய புள்ளிகளைப் போலத் தெரியத் தொடங்குகின்றன. எது நகர்கிறது, எது நிற்கிறது, எதற்காக நான் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று பிரித்தறிய முடிவதில்லை. தாடை இறுகுகிறது, ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் கை வியர்க்கிறது, வானொலியில் பேசுபவரின் குரல் காதில் விழுகிறதே தவிர பொருள் புரிவதில்லை. வீட்டை அடைந்ததும் ஒரு மணி நேரம் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்திருக்க வேண்டியிருக்கிறது. அம்மா எடுத்து வைத்த தோசை ஆறிப்போகிறது.

எனக்கு ஒற்றைத்தலைவலி உண்டு. வயது 41. சென்ற ஆண்டு ஒரு கண்ணாடிக் கடையில் பரிசோதித்தபோது பார்வை சரியாக இருப்பதாகவே சொன்னார்கள். இது கண்ணின் கோளாறா, மனத்தின் கோளாறா, சாலையின் கோளாறா? உங்களில் யாருக்காவது இப்படி நேர்ந்திருந்தால், என்ன செய்து சமாளிக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

#2 · நேர்ப்பேச்சு

தவறாக எண்ண வேண்டாம். முடியவில்லை என்றால் இரவில் ஓட்டாமல் இருப்பதுதான் உங்களுக்கும் மற்றவர்களுக்கும் நல்லது. மதுரை மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்துக்குத் திருச்சியிலிருந்து இரவு முழுவதும் பேருந்து இருக்கிறது.

#3 · நாற்பதாண்டு ஸ்டியரிங்

தம்பி, பேருந்து இருப்பது காவிரிக்கரை அம்மாவுக்குத் தெரியாதா? கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வோம்.

நான் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன். திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு, கம்பம் வழியாகக் குமுளிக்குக் காய்கறி ஏற்றிக்கொண்டு ஓடிய காலத்தில் எதிரே வருகிற வண்டியின் விளக்கு மஞ்சளாக இருக்கும். அதுவும் மேல்பாதியில் கறுப்புச் சாயம் பூசியோ, நடுவில் கறுப்புப் பொட்டு ஒட்டியோ இருக்கும். எங்கள் சாலைகள் அன்று இருவழிச் சாலைகள்தான், நடுவே தடுப்பு எதுவும் கிடையாது. இருந்தும் இன்றைய அளவு கண் வலித்ததாக நினைவில்லை. எதிரே வருபவர் டிம் செய்வார், நாமும் செய்வோம். செய்யாதவருக்கு ஒருமுறை விளக்கை அடித்துக் காட்டினால் புரிந்துகொள்வார்.

எங்கள் முதலாளியின் வண்டியில் நான் கிளீனராக ஏறிய முதல் மாதம், மூத்த ஓட்டுநர் ஒருவர் சொல்லிக்கொடுத்ததை இன்றும் யாருக்கு வேண்டுமானாலும் சொல்வேன். எதிரே வரும் விளக்கைப் பார்க்காதே, உன் இடது கையோரம் போகும் வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொள். விளக்கு தானாகக் கடந்து போகும். பூச்சி விளக்கை நோக்கிப் போவதுபோல மனிதக் கண்ணும் வெளிச்சத்தை நோக்கியே போகும், கையும் கண்ணைத் தொடர்ந்து அந்தப் பக்கம் திரும்பும் என்பார் அவர்.

#4 · கண்ணாடிக்காரி

நான் ஆப்டோமெட்ரிஸ்டாக, அதாவது பார்வையைப் பரிசோதித்துக் கண்ணாடி எழுதித் தருபவராகப் பணிபுரிகிறேன். காவிரிக்கரை அவர்களுக்குச் சற்று நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் ஒரே சொல்லில் கூச்சம் என்று சொல்வதற்குள் இரண்டு வேறு நிகழ்வுகள் இருக்கின்றன. ஒன்று, பார்வையைக் குறைக்கும் கூச்சம். கண்ணுக்குள் நுழையும் வெளிச்சத்தின் ஒரு பகுதி கருவிழியிலும் லென்சிலும் சிதறி, விழித்திரை முழுவதும் ஒரு மெல்லிய வெண்திரையாகப் படிகிறது. அந்தத் திரைக்குப் பின்னால் இருக்கும் மங்கலான பொருள், எடுத்துக்காட்டாகக் கறுப்புச் சட்டை அணிந்து சாலையைக் கடப்பவர், மறைந்துபோகிறார். இன்னொன்று, தொல்லை தரும் கூச்சம். பார்வை குறையாமலேயே எரிச்சலும் வலியும் பதற்றமும் உண்டாகின்றன. பரிசோதனை அறையில் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னால் இந்த இரண்டுமே வெளிப்படாது. ஆகவே உங்களுக்குப் பார்வை சரியாக இருக்கிறது என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை. ஆனால் உங்கள் கேள்வியை அவர் சோதிக்கவும் இல்லை.

நாற்பதாண்டு ஸ்டியரிங் ஐயா சொன்ன வெள்ளைக் கோட்டு அறிவுரைக்குக் கணக்கே இருக்கிறது. நாம் பார்க்கும் இடத்துக்கும் விளக்குக்கும் இடையிலான கோணம் இரண்டு மடங்கானால், அந்த வெண்திரையின் அடர்த்தி ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. தலையைத் திருப்ப வேண்டியதில்லை; பார்வையைச் சில பாகை இடப்பக்கம் நகர்த்தினாலே போதும்.

எல்இடி விளக்கு ஏன் கூடுதலாகக் குத்துகிறது என்பதற்கும் காரணங்கள் உண்டு. வெள்ளை எல்இடி என்பது பெரும்பாலும் நீல எல்இடியின் மேல் மஞ்சள் ஒளிரும் பூச்சைப் பூசியதுதான். ஹாலஜன் பல்பைவிட அதன் ஒளியில் நீலப் பங்கு அதிகம். ஒரே அளவு வெளிச்சமாக இருந்தாலும், நீலப் பங்கு கூடிய ஒளியையே மக்கள் அதிகத் தொல்லையாக உணர்கிறார்கள். மேலும், ஒளி வெளிப்படும் பரப்பு சிறிதாக இருப்பதால் ஒரு குண்டூசி முனையிலிருந்து வருவதுபோல அது செறிந்து வருகிறது. ஒற்றைத்தலைவலி உள்ளவர்களில் பலருக்கு, தலைவலி இல்லாத நாட்களிலும் இந்த ஒளிக்கூச்சம் தொடர்கிறது. ஆகவே மனத்தின் கோளாறா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில், இல்லை என்பதுதான்.

உடனே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. கண் மருத்துவரிடம் சென்று, இரவில் விளக்குகள் தொல்லை தருகின்றன என்று வெளிப்படையாகச் சொல்லிப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். விளக்குகளிலிருந்து கோடு கோடாகக் கதிர்கள் நீள்கின்றனவா, அல்லது வட்ட வட்டமாக ஒளிவளையம் தெரிகிறதா என்று கவனித்துச் சொல்லுங்கள். கோடுகள் நீண்டால், பகலில் தொந்தரவு தராத சிறிய சிலிண்டர் பவர் (கண்ணின் வளைவு எல்லாத் திசையிலும் ஒரே சீராக இல்லாத குறை) காரணமாக இருக்கலாம். இருட்டில் கண்மணி விரியும்போது அது தலைகாட்டும். கண் உலர்ந்திருந்தாலும் ஒளி சிதறும். ஏசியின் காற்று முகத்தில் நேராகப் படும்படி ஓட்டுபவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன். லென்சின் பின்புறத்தில் தொடங்கும் ஒருவகைக் கண்புரையும் முதலில் எதிர்விளக்குக் கூச்சமாகத்தான் வெளிப்படும். நாற்பது வயதில் அது அரிது, ஆனால் ஸ்டீராய்டு மருந்து நெடுநாள் எடுத்தவர்களுக்கு வரக்கூடும்.

#5 · சேலத்து வழிப்போக்கன்

இவ்வளவு சிரமம் எதற்கு? நானூறு ரூபாய்க்கு மஞ்சள் நிற இரவுக் கண்ணாடி இணையத்தில் கிடைக்கிறது. இரண்டு ஆண்டுகளாக அணிகிறேன். சேலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை வரை இரவில் நிம்மதியாக ஓட்டுகிறேன்.

#6 · கண்ணாடிக்காரி

நண்பரே, அதை அணிந்தால் நிம்மதியாக இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆபத்தே அந்த நிம்மதியில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் பாஸ்டனிலுள்ள ஷெப்பன்ஸ் கண் ஆய்வு நிறுவனத்தினர் வண்டி ஓட்டுவதுபோலவே அமைந்த சிமுலேட்டர் கருவியில் 22 பேரை வைத்துச் சோதித்து, 2019இல் முடிவை வெளியிட்டார்கள். எதிர்விளக்குக் கூச்சத்தில் பாதசாரியைக் கண்டுகொள்ளும் வேகத்தை மஞ்சள் கண்ணாடி மேம்படுத்தவில்லை. எந்த நிறக் கண்ணாடியாக இருந்தாலும், அது தொல்லை தரும் விளக்கை மட்டும் குறைப்பதில்லை. சாலையோரம் நடப்பவரிடமிருந்து வரும் சொற்ப ஒளியையும் சேர்த்தே குறைக்கிறது.

#7 · சேலத்து வழிப்போக்கன்

பிரான்ஸில் எல்லாக் கார்களுக்கும் மஞ்சள் விளக்கைச் சட்டமாகவே வைத்திருந்தார்களே, அவர்கள் அறியாதவர்களா?

#8 · பல்பு மாற்றுபவன்

அந்தச் சட்டம் 1936இல் வந்து 1993 வரை நடைமுறையில் இருந்தது உண்மைதான். ஆனால் அங்கே மஞ்சளாக இருந்தது எதிரே வருபவரின் விளக்கு. நீங்கள் மஞ்சளாக்குவது உங்கள் கண்ணுக்கு முன்னால் இருப்பதை. இரண்டும் ஒன்றல்ல.

நான் ஆட்டோ எலக்ட்ரீஷியன். என் கடைக்கு வரும் பத்து இளைஞர்களில் ஏழு பேராவது ஹாலஜன் பல்பைக் கழற்றிவிட்டு எல்இடி போடச் சொல்லித்தான் வருகிறார்கள். பெரும்பாலான பழைய கார்களில் இருப்பது எச்4 என்ற 60/55 வாட் பல்பு. அதில் லோ பீம் (தாழ்வான ஒளி) இழைக்குக் கீழே ஒரு சிறு தகடு இருக்கும். ஒளி மேல்நோக்கிச் சிதறாமல் வெட்டுவது அதன் வேலை. ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு வளைவும் அந்த இழை எங்கே இருக்கிறது என்பதைக் கணக்கிட்டு அமைக்கப்பட்டது. அந்த இடத்தில் ஒரு மில்லிமீட்டர் தள்ளி இரண்டு பக்கமும் சிப் பதித்த எல்இடியைச் செருகினால், லோ பீமே ஹை பீம் மாதிரி எதிரே வருபவர் முகத்தில் அடிக்கும். போட்டவருக்கோ கண்ணெதிரே பத்தடியில் பளபளவென்று தெரிவதால் வெளிச்சம் கூடிவிட்டதாக மகிழ்ச்சி. நான் மறுத்து அனுப்பினால் அடுத்த தெருவில் போட்டுக்கொள்கிறார்கள்.

சட்டத்தில் இதற்கு இடமில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இன் 106ஆம் விதிப்படி, விளக்குக்கு முன்னால் 8 மீட்டர் தொலைவில், அதன் வலப்புறம் அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் கண் வைத்திருப்பவருக்குக் கூசாதபடி ஒளி கீழ்நோக்கித் தாழ்ந்திருக்க வேண்டும். இதை எங்கள் ஊரில் யாராவது அளந்து பார்த்ததாக நான் கண்டதில்லை. இருசக்கர வாகனங்களுக்கு 2017 ஏப்ரல் முதல் விளக்கு தானாகவே எப்போதும் எரிய வேண்டும் என்றாகிவிட்டது. அதன் கோணம் தவறினால் அணைத்துத் தப்பிக்கவும் வழியில்லை.

#9 · நேர்ப்பேச்சு

ஹை பீமில் வருபவனுக்கு நாமும் ஹை பீமை அடித்து, கடந்துபோகும் வரை எடுக்காமல் வைத்திருந்தால்தான் புத்தி வரும். நான் அப்படித்தான் செய்கிறேன்.

#10 · நாற்பதாண்டு ஸ்டியரிங்

தம்பி, எதிரே வருபவன் குருடானால் அவன் முட்டப்போவது உன் வண்டியில்தான். ஒரே சாலையில் இரண்டு குருடர்கள் எதற்கு?

#11 · மௌனவாசி

பல ஆண்டுகளாக இந்தத் தளத்தைப் படித்து வந்தாலும், இதுவே என் முதல் பதிவு. கோவையில் மென்பொருள் துறையில் பணிபுரிகிறேன். எனக்கு ஆட்டிசம் இருப்பது 33 வயதில்தான் கண்டறியப்பட்டது. காவிரிக்கரை அவர்கள் எழுதிய ஒரே திரையில் ஒட்டிய புள்ளிகள் என்ற வரியைப் படித்தபோது, என் தலைக்குள் நடப்பதை வேறொருவர் எழுதியதுபோல இருந்தது. கண் மருத்துவரிடம் எல்லாம் சரியாக இருந்தாலும் எனக்கு இது நேர்கிறது. ஆகவே கண்ணுக்கு அப்பால் நடப்பதைப் பற்றிச் சொல்ல என்னிடம் சில இருக்கின்றன.

பெரும்பாலானவர்களின் மூளை, பெட்ரோல் பங்கின் பலகையை ஒருமுறை பார்த்ததும், இது தேவையில்லை என்று ஓரமாக ஒதுக்கிவிடுகிறது. எனக்கு அப்படி ஒதுங்குவதில்லை. பத்தாவது முறை மினுக்கும்போதும் அது முதல் முறை மினுக்குவதுபோலவே கதவைத் தட்டுகிறது. அதனால் பாதை தவறுவதில்லை என்றாலும், ஒவ்வொரு தட்டலுக்கும் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வரும் களைப்பு சேர்ந்துகொண்டே போகிறது. ஏதோ ஒரு புள்ளியில் கொள்ளளவு நிரம்பிவிடுகிறது. அது நிரம்பிய பிறகு செய்யக்கூடியது எதுவும் இல்லை, வண்டியை நிறுத்துவதைத் தவிர. ஆகவே நிரம்பாமல் பார்த்துக்கொள்வதே என் முயற்சி முழுவதும்.

முதலில், விளக்கைக் குறைக்க முடியாதபோது மற்றவற்றைக் குறைக்கிறேன். வானொலி இல்லை, கைப்பேசி அழைப்பு இல்லை, ஏசி விசிறி மிகக் குறைந்த வேகத்தில். இறுக்கமான சட்டைக் காலரைக்கூடத் தளர்த்திவிடுவேன். கேட்பவர்கள் சிரிப்பார்கள், ஆனால் கழுத்தில் உறுத்துவதும் அதே கணக்கில்தான் சேர்கிறது. காருக்குள் இருக்கும் விளக்குகளை முற்றிலும் அடக்குகிறேன். டாஷ்போர்டு வெளிச்சத்தைக் கடைசிப் படிக்கு இறக்கி, தொடுதிரையை அணைத்து, வழிகாட்டியைக் குரலில் மட்டும் கேட்கிறேன்.

அடுத்தது, வாய்விட்டுச் சொல்வது. “முன்னால் பேருந்து, பிரேக் பிடிக்கிறது. இடப்பக்கம் பைக், எதிர்முகம். பலகை, தேவையில்லை.” இப்படிச் சொல்லிக்கொண்டே போனால், மூளை ஒதுக்காததை நாக்கு ஒதுக்கிவிடுகிறது. பிரிட்டனில் காவல்துறை ஓட்டுநர்களுக்கு இப்படி வர்ணித்துக்கொண்டே ஓட்டும் பயிற்சி இருப்பதைப் பிற்பாடுதான் அறிந்தேன். தனியாகச் செல்லும்போது மட்டுமே செய்கிறேன். என் மைத்துனர் ஒருமுறை பக்கத்தில் இருந்தபோது, கிரிக்கெட் வர்ணனை எப்போது முடியும் என்று கேட்டார்.

இன்னொன்றையும் கேட்க விரும்புகிறேன். சில கார்களின் பின்விளக்குகளை நான் பார்வையைத் திருப்பும்போது, ஒரு விளக்கு வரிசையான சிவப்புப் புள்ளிகளாகச் சிதறித் தெரிகிறது. நண்பர்கள் யாரும் நம்புவதில்லை. வேறு யாருக்காவது தெரிகிறதா?

#12 · கண்ணாடிக்காரி

மௌனவாசி, உங்கள் நண்பர்கள்தான் தவறு. பல எல்இடி விளக்குகளின் ஒளியளவு, மிக வேகமாக அணைத்து ஏற்றுவதன் மூலம் குறைக்கப்படுகிறது. உற்றுப் பார்க்கும்போது அது தொடர்ந்து எரிவதாகவே தெரியும். கண் சட்டென்று தாவும்போது ஒவ்வொரு மினுக்கலும் விழித்திரையில் வேறு வேறு இடத்தில் விழுவதால் புள்ளி வரிசையாகத் தோன்றும். அறிந்து பதிவு செய்யப்பட்ட நிகழ்வு அது. சிலர் கூர்ந்து காண்கிறார்கள், சிலருக்குத் தெரிவதே இல்லை.

#13 · ஓய்வூதியன் 63

நான் ஓட்டுவது உள்ளூருக்குள் மட்டுமே. ஆனாலும் இரவில் மிகவும் சிரமப்படுகிறேன். மனைவி முருங்கைக்கீரையும் கேரட்டும் மூன்று மாதமாகத் தினமும் சமைத்துத் தருகிறார். பயன் தெரியவில்லை. எவ்வளவு நாள் ஆகும்?

#14 · கண்ணாடிக்காரி

ஐயா, கீரை நல்லதுதான், தொடருங்கள். வைட்டமின் ஏ குறைவினால் வரும் மாலைக்கண்ணுக்கு அது உதவும். குறைவு இல்லாதவருக்குக் கூடுதலாகச் சாப்பிடுவதால் இரவுப் பார்வை கூடாது. அறுபதைக் கடந்தவரின் கண்மணி இருட்டில் முன்புபோல விரிவதில்லை, லென்சும் மஞ்சளித்துவிடும். இருபது வயதில் விழித்திரைக்குச் சென்ற ஒளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அப்போது உள்ளே செல்கிறது. செல்லும் அந்தச் சிறு பங்கும் அதிகமாகச் சிதறுகிறது. உங்களுக்குக் கண்புரைப் பரிசோதனைதான் முதலில் தேவை. தள்ளிப்போட வேண்டாம்.

#15 · பல்பு மாற்றுபவன்

கண்ணைப் பற்றியே எல்லோரும் பேசுவதால், நான் முன்கண்ணாடியைப் பற்றிச் சொல்கிறேன். இரவில் கூசுகிறது என்று என்னிடம் வந்தவர்களின் கார்களில் பாதிக்கு மேல், கண்ணாடியின் உள்பக்கத்தில் புகைபோன்ற ஒரு படலம் இருந்தது. டாஷ்போர்டு பிளாஸ்டிக் வெயிலில் காய்ந்து விடும் ஆவியும், டாஷ்போர்டு பளபளக்கப் பூசும் பாலிஷும் சேர்ந்து ஒட்டுவது அது. பகலில் தெரியாது, எதிர்விளக்கு பட்டதும் கண்ணாடி முழுவதும் பால்போல வெளுத்துவிடும். வெளிப்பக்கத்தை வாரம் மூன்று முறை கழுவுபவர்கள்கூட உள்பக்கத்தைத் தொடுவதில்லை. சோப்பு நீரில் ஒருமுறை, வெறும் நீரில் ஒருமுறை துடைத்து, உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் முடியுங்கள். பழைய செய்தித்தாளும் நன்றாகவே வேலை செய்யும், எங்கள் அப்பா காலத்து வழி.

மழைக்காலத்தில் ஈசல் அப்பிய கண்ணாடியில் வைப்பரை உலர்வாகப் போட்டு எண்ணெய்போல இழுத்துவிடாதீர்கள். வைப்பர் ரப்பரை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். உள்கண்ணாடிக்குக் கீழே சிறு நெம்பு இருக்கும். அதைத் தட்டினால் பின்னால் வரும் விளக்கு மங்கலாகிவிடும். ஐந்தாண்டு கார் வைத்திருந்து அது எதற்கென்று தெரியாதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நம் விளக்கையும் நாம் பார்க்க வேண்டும். சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி, சமதளத்தில் காரை நிறுத்தி லோ பீமைப் போட்டால், வெளிச்சத்தின் மேல்விளிம்பு விளக்கின் மையத்தைவிட ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் தாழ்ந்து விழ வேண்டும். டிக்கியில் அரிசி மூட்டையோ பின்சீட்டில் மூன்று பேரோ ஏறினால் காரின் மூக்கு தூக்கிக்கொள்ளும். அதற்காகத்தான் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் 0 முதல் 3 வரை எண் போட்ட சக்கரம் ஒன்று இருக்கிறது. சுமை ஏறினால் எண்ணைக் கூட்ட வேண்டும்.

#16 · காவிரிக்கரை

இத்தனை பேர் பதில் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. நேர்ப்பேச்சு அவர்களுக்கு மட்டும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொன்ன பேருந்தில் போனேன். ஓட்டுநருக்குப் பின்னால் நீல விளக்கு எரிந்துகொண்டே வந்தது, மூன்று மணி நேரம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருந்தாலும் தலைவலி வந்த நாட்களில் காரை எடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். அந்த அளவில் நீங்கள் சொன்னது சரிதான்.

கண்ணாடிக்காரி அவர்களிடம் ஒரு கேள்வி. ஒற்றைத்தலைவலிக்காக அலுவலகக் குழல்விளக்கின் கீழ் அணிந்துகொள்ள எஃப்எல்-41 என்ற இளஞ்சிவப்புக் கண்ணாடி வாங்கி வைத்திருக்கிறேன். அதை இரவில் ஓட்டும்போது அணியலாமா? இன்னொன்று, எதிர்விளக்கு வரும்போது ஒரு கண்ணை மூடிக்கொண்டால் அந்தக் கண் இருட்டுக்குப் பழகியபடியே இருக்கும் என்று படித்தேன். செய்யலாமா?

#17 · கண்ணாடிக்காரி

இரண்டுக்கும் வேண்டாம் என்பதே பதில். எஃப்எல்-41 அலுவலகத்துக்கு ஏற்றது. இரவில் அது ஒளியைத் தின்றுவிடும். எதிரொளி தடுக்கும் பூச்சுள்ள நிறமற்ற கண்ணாடியே இரவுக்குப் போதும்.

ஒரு கண்ணை மூடுவதைப் பொறுத்தவரை, உடலியல்படி அது உண்மை. இருட்டில் பார்க்க உதவும் குச்சி செல்களில் உள்ள நிறமி, கடுமையான வெளிச்சத்தில் வெளுத்துப்போனால் முழுவதும் மீண்டும் சேர அரைமணி நேரம்கூட ஆகும். மூடிய கண்ணில் அது வெளுப்பதில்லை. ஆனால் விளக்குகள் நிறைந்த சாலையில் நம் கண் முழு இருட்டுக்கு ஒருபோதும் பழகுவதில்லை. ஆகவே காப்பாற்ற அங்கே அதிகம் இல்லை. ஒற்றைக் கண்ணால் ஓட்டும்போது பக்கப் பார்வையும் தூர மதிப்பீடும் குறைவதோ உறுதியான இழப்பு.

கூசிய பிறகு பார்வை திரும்ப மூன்று விநாடி ஆவதாக வைத்துக்கொள்ளுங்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் விநாடிக்கு 22 மீட்டர் வீதம், 66 மீட்டர் நீங்கள் எதையும் சரியாகப் பார்க்காமல் கடந்துவிடுகிறீர்கள். 60இல் சென்றால் அது 50 மீட்டர். எதிர்விளக்கு நெருங்கும்போதே காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்துவிடுவதைவிடச் சிறந்த கண்ணாடியை நான் இதுவரை விற்றதில்லை.

#18 · நாற்பதாண்டு ஸ்டியரிங்

வேகத்தைக் குறைத்தால் பின்னால் வருபவன் முதுகில் ஏறுவான் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. நான்குவழிச் சாலையில் இடது வழித்தடத்தில் ஒரு பெரிய லாரிக்குப் பின்னால், போதிய இடைவெளி விட்டு அமைதியாகப் போங்கள். எதிரே வரும் விளக்குகளில் பாதியை அந்த லாரியின் முதுகே மறைத்துவிடும். கொஞ்சம் மெதுவாகப் போகும், அவ்வளவுதான். ஆனால் பின்விளக்கு எரியாத வண்டிக்குப் பின்னாலும், கம்பி ஏற்றிய வண்டிக்குப் பின்னாலும் போகாதீர்கள்.

மீடியனில் அரளி அடர்ந்து வளர்ந்திருக்கும் பகுதிகளைக் கவனித்திருக்கிறீர்களா? அழகுக்காக மட்டும் வைத்ததல்ல அது. ஆடு மாடு தின்னாது, தண்ணீர் அதிகம் கேட்காது, எதிர்விளக்கை மறைக்கும். அரளி இருக்கும் இடத்தில் வலது வழித்தடம்கூடச் சுகமாக இருக்கும். செடி முடிந்ததும் இடது தடத்துக்கு வந்துவிடுங்கள்.

#19 · மௌனவாசி

ஐயா சொன்ன லாரி யோசனையை அன்னூர் சாலையில் முயன்று பார்த்தேன். இருவழிச் சாலையாக இருந்தும் பலன் இருந்தது. என் கணக்கில் ஒவ்வொரு விளக்கும் ஒரு தட்டல் என்றால், பாதித் தட்டல்கள் கதவுக்கு வராமலேயே போயின. நன்றி.

#20 · காவிரிக்கரை

இரண்டு மாதத்துக்குப் பிறகு எழுதுகிறேன். சிலர் தனிமடலில் கேட்டதால் நடந்ததைச் சொல்கிறேன்.

வலது கண்ணில் முக்கால் அளவு சிலிண்டர் பவர் இருந்தது. புதிய கண்ணாடி அணிந்த முதல் இரவிலேயே விளக்குகளிலிருந்து நீண்ட கோடுகள் சுருங்கிவிட்டன. முன்கண்ணாடியின் உள்பக்கத்தைத் துடைத்த துணி காப்பி வடிகட்டிய நிறத்தில் வந்தது. ஆறு ஆண்டு அழுக்கு. இந்த இரண்டும் சேர்ந்து கூச்சத்தைப் பெரிதும் குறைத்துவிட்டன.

ஆனால் திணறல் முற்றிலும் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மழை பெய்த ஒரு வெள்ளிக்கிழமை, ஈரச் சாலை கண்ணாடிபோல எதிர்விளக்குகளை எல்லாம் தரையிலிருந்தும் திருப்பி அடித்தபோது, பழைய நிலை மீண்டும் வந்தது. இந்த முறை அது வருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்தது. தாடை இறுகுவதுதான் முதல் அறிகுறி. முன்பெல்லாம், இன்னும் இருபது கிலோமீட்டர்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டியிருப்பேன். அன்று மேலூருக்கு முன்பாக ஓர் உணவகத்தின் பின்பக்கம், விளக்கு படாத மூலையில் காரை நிறுத்தி, இருபது நிமிடம் கண்களை மூடியிருந்தேன். அம்மாவிடம் வரத் தாமதமாகும் என்று சொன்னபோது, அவர் ஏன் என்று கேட்கவில்லை. மாவை ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறேன் என்று மட்டும் சொன்னார்.

இப்போது துவரங்குறிச்சியில் ஒரு நிறுத்தத்தைக் கட்டாயமாக வைத்திருக்கிறேன், தேவைப்பட்டாலும் படாவிட்டாலும். மாதத்தில் இரண்டு முறை சனிக்கிழமை விடியற்காலையில் புறப்படுகிறேன். வர்ணனையும் உண்டு, என் கார் இப்போது இரவில் ஓயாமல் பேசுகிறது.

#21 · ஓய்வூதியன் 63

எனக்கு இரண்டு கண்ணிலும் புரை இருப்பதாகச் சொன்னார்கள். வலது கண்ணுக்கு அடுத்த மாதம் அறுவைச் சிகிச்சை. கீரை தொடர்கிறது.

#22 · நாற்பதாண்டு ஸ்டியரிங்

நலமாக நடக்கட்டும் ஐயா. சிகிச்சை முடிந்து மருத்துவர் சொல்லும் வரை ஸ்டியரிங்கைத் தொடாதீர்கள்.

காவிரிக்கரை அம்மா, போன வாரம் மகனுடன் உங்கள் சாலையில் வந்தேன். வழியில் ஓரிடத்தில் கொஞ்ச தூரத்துக்கு அரளி காய்ந்துபோய் மீடியன் மொட்டையாக இருக்கிறது. மதுரையை நோக்கிப் போகும்போது ஒரு பாலம் இறங்கியதும் திடீரென்று வலப்பக்கம் வெளிச்சம் கொட்டும். பாலத்தின் மேலேயே இடது தடத்துக்கு வந்துவிடுங்கள்.